சாக்லேட் தாள்

சுத்தம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தச் சுத்தம்தான் சாந்தி மேரி அக்காவின் ஐந்து வருட உழைப்பைக் கெடுத்தது.

பெரம்பலூர் ஆராய்ச்சிக்கூடத்தில் அக்கா முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். உடம்பைக் காக்கும் செல்கள் சில சமயம் சொந்த உடம்பையே தாக்கும். அவற்றை அடக்கிவைக்க வேறு செல்கள் உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலத்தை ஒரு துளி சேர்த்தால் இந்த அடக்கும் செல்கள் அதிகமாக உருவாவதை, எலியின் செல்களில் அக்கா கண்டிருந்தார்.

“இன்னொருத்தர் செஞ்சும் வந்தாத்தான் ஒத்துக்குவேன்” என்றார் பேராசிரியர். புதிதாகச் சேர்ந்த என் தலையில் அது விழுந்தது. அக்கா அம்மாவின் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார்.

குளிர்பெட்டியில் அமிலக் குப்பி, பளபளக்கும் சாக்லேட் தாளில் சுருட்டிக் கிடந்தது. என் அத்தா, அதாவது அப்பா, துபாயிலிருந்து அனுப்பி, எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த சாக்லேட்தான். தின்ற தாளையா மருந்தில் சுற்றுவார்கள்! பிரித்து எறிந்தேன். குப்பியின் மேல் அமிலத்தின் பெயரை அழகாக எழுதி, ஜன்னலோரம் வைத்து வேலை பார்த்தேன். குப்பி தீரும்வரை மூன்று முறை செய்தும் ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்த அக்கா, “நோட்டுல இருக்கற மாதிரிதான செஞ்ச, ஆஃப்ரா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

நோட்டில் தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. அக்கா படிப்பை விட்டுவிட்டு சொந்த ஊரான வரதராஜன்பேட்டைக்கே போய் டீச்சரானார்.

போன மாதம் புதுக் குப்பி வந்தது. வெளிச்சம் படக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அக்கா சாக்லேட் தாளைச் சுற்றியது வெளிச்சத்தை மறைக்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பொத்திவைத்து மறுபடி செய்தேன். மூன்று முறையும் அடக்கும் செல்கள் பெருகின.

ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பஸ் மாறிப் போனேன். அக்கா அப்போதுதான் மாதா கோயில் பூசையிலிருந்து வந்திருந்தார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

“மூணு தடவையும் வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சுக்கா. நீங்க சொன்னதுதான் சரி.”

அக்கா தலையிலிருந்த முக்காட்டை எடுத்து மடித்தார்.

“செல்லையெல்லாம் நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்தேன். நானும் அத நம்பிட்டேன், ஆஃப்ரா.”

“நாளைக்கே சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேங்க்கா.”

“சொல்லு. அந்தக் கடுதாசிய வாங்கிட்டு வா.”

வழக்கம்போல அக்காவுக்கென்று சாக்லேட் டப்பா கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து அதை எடுக்கவே இல்லை.