வியாழக்கிழமை மட்டம்

ஜெயஸ்ரீ வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கு மட்டம் போடுவது கெசியாவுக்குத் தெரியும். சாய்பாபா கோயிலுக்குப் போகிறாள் என்று கெசியா தானாகவே முடிவு கட்டியிருந்தாள். வியாழன் என்றால் பாபா, இதில் போய்க் கேட்க என்ன இருக்கிறது? அதனால் யாரையும் கேட்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் கல்வி உதவிக் குழுவில் கெசியா இருந்தாள். வேலையை விட்டுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் தாய்க்குக் குழு மாதாமாதம் பணம் அனுப்பும். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் பிள்ளை மட்டம் போட்டால் பணம் நின்றுவிடும். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான், அப்போதுதான் நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேரும் என்பது குழுத் தலைவர் சுந்தர்சிங்கின் விதி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேதத்துக்கு அடுத்தபடி அவருக்கு விதிதான்.

பெருங்களத்தூர் தையல்நாயகியின் மூத்த மகள் ஜெயஸ்ரீ, குழுவின் பெருமை. அடுக்குமாடி வீடுகளில் அம்மாவோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுக் கூட்டத்தில் கெசியா அவளைப் பற்றிச் சொன்னபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. "நம்ம காசுல பாபா கோயிலா?" என்று சுந்தர்சிங் முணுமுணுத்தபோது, "அது அவங்க நம்பிக்கை சார். ஒரு நாள் லீவு விதியிலேயே இருக்கே" என்று அவர் வாயை அடைத்தவளும் கெசியாதான். என்ன பெரிய மனசு நமக்கு என்று தனக்கே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டாள்.

இந்த மாதம் ஜெயஸ்ரீ செவ்வாய்க்கிழமையும் வரவில்லை என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. ஒரு வாரமல்ல, வாராவாரம். செவ்வாய்க்கு முருகன் என்று சமாதானம் சொல்ல விதியில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை குழு கூடினால் பெயரை எடுத்துவிடுவார்கள். கெசியா அதற்கு முந்தின வியாழக்கிழமையே அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "இன்னிக்கு வெளக்கு தேய்க்கற நாளாச்சே. ஜிஎஸ்டி ரோட்டாண்ட புது ஃபிளாட்டுல கீறாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு முந்தின நாளே விளக்கையெல்லாம் புளி போட்டுத் துலக்கியாக வேண்டும். பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு வாரத்தில் பெரிய வேலை அன்றைக்குத்தான். குத்துவிளக்கே இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்த கெசியாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நாலாவது மாடியில், சமையலறைக்குப் பின்னால், தன் இடுப்பு உயர விளக்கு ஒன்றைச் சாய்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஜெயஸ்ரீ.

தையல்நாயகி மாப்பைக் கீழே போட்டாள். "இன்னா மிஸ், இங்கியே வந்துட்டீங்க?"

"கோயிலுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"கோயிலுக்குப் போவ எங்க மிஸ் நேரம் கீது?"

"அப்ப மத்த நாள்ல உங்களுக்குக் கூடமாட யாரு?"

தையல்நாயகி வலது கையைப் பார்த்துக்கொண்டாள். எப்போதோ குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்து, கோணலாகக் கூடிய மணிக்கட்டு. "ஒத்தக் கையால அஞ்சு வூடு தாங்காது மிஸ். பெரியவள இஸ்கூலுக்கு அனுப்பினா சின்னவள இட்டாந்துதான் ஆவணும். வூட்டுக்கு ஒரு புள்ளதான்னு நீங்கதான சொன்னீங்க?"

சின்னவள் அன்பு, ஐந்தாம் வகுப்பு. முன்பு ஜெயஸ்ரீ வேலைக்குப் போன காலத்தில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு பிள்ளையை மீட்டுவிட்டோம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்களே, உண்மையில் இரண்டு பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கைதட்டலை நினைத்ததும் கெசியாவுக்கு அவமானத்தில் முகம் சுட்டது.

"அன்புக்கு வெளக்கு தேய்க்க வலு பத்தாது மிஸ்" என்றாள் ஜெயஸ்ரீ. "அதனால வியாழக்கெழம மட்டும் நான் வேலைக்கு வருவேன், அவ இஸ்கூலுக்குப் போவா. வாரத்துல ஒரு நாள் மட்டும் வந்தா பேர அடிச்சிடுவேன்னு அன்போட டீச்சர் சொல்லிட்டாங்க. அதான் செவ்வாக்கெழமயும் குடுத்தேன்."

தன் புத்தகத்தைக் கொடுத்ததுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, கையிலிருந்த புளியை வைத்துவிட்டு, "எம் பேர எடுத்துட்டு அவ பேரப் போட்டுடுங்க மிஸ். எனக்கு வேல பழக்கம்தான்" என்றாள். கெசியாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிறு கூட்டத்தில் கெசியா நடந்ததைச் சொல்லி, இரண்டு பிள்ளைகளுக்கும் பணம் வேண்டும் என்றாள். சுந்தர்சிங் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு பங்குன்னா இன்னொரு வீடு அடிபடும். எந்த வீட்ட நிறுத்தட்டும், நீயே சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. வீட்டில் எந்தப் பிள்ளையும் வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் பணம் என்று விதியை மாற்றலாம். ஆனால் அம்மா ஒருத்தியின் கையால் முடிந்த வேலை போக, விட்டுப்போகும் வருமானத்தை யார் ஈடுகட்டுவது?

"அசனத்துக்கு எடுத்து வச்சிருக்கோமே சார்" என்றாள் கெசியா.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடும் கறிச்சோறு அது. அதில் கை வைப்பதாவது! ஆளாளுக்குக் கத்தினார்கள். சுந்தர்சிங் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தப்பு விதியில் இருக்கிறது, விதி தன்னுடையது என்றார். அசனப் பணத்தை அந்த வீட்டுக்கு மாற்றும் தீர்மானத்தையும் தன் கையாலேயே எழுதினார்.

அந்த ஆண்டு அசனத்தில் சாம்பார் சாதம்தான். கெசியாவிடம் சிலர் முகம் கொடுத்தே பேசவில்லை. தையல்நாயகி ஐந்து வீட்டில் மூன்றை விட்டாள்; பெரிய விளக்கு வைத்திருந்த வீடும் அதில் ஒன்று.

அந்த வீடுகளை விட்ட பிறகு வந்த முதல் வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்குக் கெசியா வாசலில் போய் நின்றாள். ஜெயஸ்ரீ கையில் ஒரு கதைப் புத்தகத்தோடு வந்தாள்.

"வியாழக்கெழமதான் லைப்ரரி பீரியடாம் மிஸ். எனக்குத் தெரியவே தெரியாது. வூட்டுக்கு எடுத்துனு போலாமாம், அடுத்த வியாழக்கெழம திருப்பித் தரணுமாம்." சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றாள். "அடுத்த வியாழக்கெழம நான் வருவேன் இல்ல மிஸ்?"

"வருவே" என்றாள் கெசியா. அசனப் பணம் ஒரு வருஷத்துக்குத்தான் வரும். அடுத்த ஆண்டுச் சண்டையை இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.