ஊர்த்தெருவில் சைக்கிள்

"அந்தப் பொண்ணு சைக்கிள்ல உக்காந்துகினே நம்ம வாசலத் தாண்டிப் போறா. நீங்க பேப்பர் படிச்சிக்கினு இருக்கறீங்க!" சுகுணா கரண்டியைச் சமையல் மேடையில் வீசினாள்.

அவள் கணவன் சம்பங்கி நிமிரவில்லை. "பள்ளிக்கூடத்துக்குத்தான போறா?"

"அவங்கம்மா நம்ம மாட்டுக் கொட்டகையில சாணி அள்றவ. அது ஞாபகம் இருக்குதா?"

சானமாவு காட்டை ஒட்டிய அந்த ஊரில் சம்பங்கிக்கு ரோஜாத் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்பவள் காலனியைச் சேர்ந்த முனிலட்சுமி. அவள் கணவன் ஆஞ்சப்பன் ஓசூர் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது இயந்திரத்தில் கை நசுங்கி வீட்டோடு கிடந்தான். மகள் ஹரிணியின் படிப்பு நிற்கவிருந்த நேரத்தில், சர்ச் சிஸ்டர் ஒருவர் மூலமாக வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. இங்கிலீஷ் பள்ளி, புத்தகம், ஷூ, கடைசியாக ஒரு சிவப்பு சைக்கிள். மதம் மாறும்படி யாரும் கேட்கவில்லை. முனிலட்சுமி வீட்டு மாரியம்மன் படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

சுகுணாவின் மகன் ஹரீஷ்குமார் காரில்தான் பள்ளிக்குப் போனான். இருந்தும் அவளுக்கு வயிறு எரிந்தது. கடல் தாண்டி ஏதோ ஒரு வீட்டில் ஹரிணியின் போட்டோவை மாட்டிவைத்து, சாப்பிடும் முன் அவளுக்காக ஜெபிக்கிறார்களாம். தன் பிள்ளையை அப்படி நினைக்கச் சொந்தத்தில்கூட ஆள் இல்லையே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலையே முனிலட்சுமியை மாட்டுக் கொட்டகையில் மறித்தாள்.

"ஏண்டி, வெள்ளக்காரன் வாங்கிக் குடுத்தா ஊர்ப் பழக்கம் மாறிடுமா? தெரு முனையில எறங்கித் தள்ளிக்கினு போவச் சொல்லு."

"சின்னப் பொண்ணுங்கம்மா..."

"உனக்கு இங்க வேல வேணுமா, வேணாமா?"

மறுநாளிலிருந்து ஹரிணி தெரு முனையில் இறங்கினாள். தலை குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அதைப் பார்ப்பதற்கென்றே சுகுணா காலையில் வாசலுக்கு வந்தாள்.

தை மாதத்தில் அந்த வெளிநாட்டுத் தம்பதி சிஸ்டரோடு ஊர்த்தெருவில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. சுகுணா பட்டுப்புடவை கட்டி, வெள்ளித் தம்ளர்களில் பாதாம் பால் ஊற்றி, ஹரீஷ்குமாரையும் தலைவாரி நிறுத்தியிருந்தாள். ஊருக்கு வருகிறவர்கள் முதலில் தன் வீட்டுக்குத்தானே வரவேண்டும்!

அந்த நேரத்தில் பள்ளி விட்டு வந்த ஹரிணி, வழக்கம்போலத் தெரு முனையில் இறங்கினாள். வெளிநாட்டு அம்மாள் முகம் மலர்ந்து ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு சைக்கிளைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"ஏன் தள்ளிக்கிட்டு வர்றேன்னு கேக்குறாங்க. பஞ்சரா?" என்றார் சிஸ்டர்.

சுகுணா முந்திக்கொண்டாள். "செயின் கழண்டிருக்கும், சிஸ்டர். முதல்ல உள்ள வந்து பால் சாப்பிடச் சொல்லுங்க."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களின் பின்னாலிருந்து முனிலட்சுமி முன்னே வந்தாள்.

"செயின் நல்லாத்தான் இருக்குது, சிஸ்டர். எங்க பிள்ளைங்க இந்தத் தெருவுல ஏறி ஓட்டக்கூடாதுங்கறாங்க. அதான் தள்ளிக்கினு வருது."

சிஸ்டர் அதை மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது அவள் முகம் சிவந்துபோயிற்று.

"ஏறும்மா" என்றாள் முனிலட்சுமி.

ஹரிணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஏறி மிதித்தாள். தம்பதி அவள் பின்னாலேயே காலனிக்கு நடந்தார்கள். வெள்ளித் தம்ளர்களில் பால் ஆடை கட்டியது.

அடுத்த நாளே சம்பங்கி முனிலட்சுமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். காலனியில் இரண்டு பேர், "உனக்கு ஏன் இந்த வம்பு?" என்றார்கள். அவளோ, ஹைவேயில் வந்து நிற்கும் கம்பெனி வேனில் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, டிபன் பாக்ஸோடு கிளம்பினாள்.

"நடந்து போனா வேன் போயிடும்மா. பின்னாடி உக்காரு" என்றாள் ஹரிணி.

பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போனவள் முனிலட்சுமி. தயங்கி, கேரியரில் உட்கார்ந்து, மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற சுகுணா, "எறங்குடி!" என்று கத்தினாள்.

ஹரிணியின் கால்கள் ஒரு கணம் தடுமாறின.

"நிக்காத. வேனுக்கு நேரமாச்சு" என்றாள் முனிலட்சுமி.