குத்தாலத்துச் சேறு

பதினொரு மணிக்கு ஊசி என்று டாக்டர் ஆர்த்தி சொல்லிவிட்டார். லத்தீஃபாவின் கணவர் அஹமது கபீருக்கு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்றி மூன்று மாதம். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள். இப்போது இழுப்பு வந்து மூச்சு முட்டுகிறது. அதே ஸ்டீராய்டைக் கூட்டி ஊசியாகப் போடப்போகிறார்களாம்.

காலையில் டாக்டர் ஒன்று கேட்டிருந்தார். எப்போதாவது வெறுங்காலோடு வயலில் வேலை பார்த்திருக்கிறாரா? பக்கத்தில் மருமகன் சுஹைப் நின்றான். "சேச்சே, இவங்க மஸ்கட்டுல ஜவுளிக்கடை வச்சிருந்தவங்க" என்று லத்தீஃபா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். மஸ்கட்டுக்கு முன்னால் குத்தாலத்தில் நாலு வருஷம் கூலிக்கு வயலில் இறங்கியவர் என்பதை மறைத்துத்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள். கௌரவமாம், மண்ணாங்கட்டி!

வார்டில் அவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டாக்டர் எதற்காகச் சேற்றைப் பற்றிக் கேட்க வேண்டும்? மணி பத்தே முக்கால். மருமகன் என்ன நினைத்தால் என்ன என்று ஓடினாள். பின்னாலேயே சுஹைபும் வந்தான்.

"டாக்டரம்மா, வயல்ல நின்னவங்கதான். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. நான்தான் மறைச்சிட்டேன்."

ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, டாக்டர் சளியை எடுத்துக்கொண்டு தானே லேபுக்குப் போனார். அரைமணி கழித்து லத்தீஃபாவையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு மயிரிழை நெளிந்தது. அல்லாஹ்வே, உயிரோடு! அன்று கால் வழியாக ஏறிய புழுவின் வாரிசாம். பிள்ளை, பேரன் என்று உள்ளேயே பெருகி இத்தனை வருஷமும் குடியிருந்ததாம். உடம்பு அதைத் தலைதூக்க விடவில்லை. மாத்திரை அந்தக் காவலைக் கட்டிப்போட்டதும் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஊசியும் போட்டிருந்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம் என்றார் டாக்டர்.

லத்தீஃபாவுக்கு மெய்சிலிர்த்தது. கடை திறந்த அன்றும், மகள் பிறந்த அன்றும், இவர் குறட்டை விட்டுத் தூங்கிய ஒவ்வொரு இரவும் அந்த உடம்பு ஓயாமல் காவல் காத்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்கே தெரியவில்லையே!

புழுவுக்கான மாத்திரையில் ஆறாம் நாள் மூச்சு சீரானது. நடந்ததை அவரிடம் சொன்னாள்.

"மாப்பிள்ளை முன்னாடியேவா சொன்ன?"

"ஆமாங்க."

கபீர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டிலருகே நின்ற சுஹைபைப் பார்த்தார்.

"நான் வரப்பு வெட்டுனா கோடு போட்ட மாதிரி இருக்கும். அதையும் சொன்னாளா, மாப்பிள்ளை?"