கொடாத குருதிக்குப் பொன்னாடை

அச்செவ்வாய்க்கிழமை மாலை உடன்பிறந்தார் மன்றத்தில் வந்தமர்ந்திருந்தோர் இவர்: உப்பு ஏற்றுமதியாளரும் மன்றத் தலைவருமாகிய மாரிராஜ், துணிக்கடை உரிமையாளரும் மன்றச் செயலருமாகிய வேதமணி, ஓய்வு பெற்ற பள்ளி எழுத்தரும் வாயிற்காவல் பொறுப்பேற்றவருமாகிய பால்துரை, பிறர் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் சுங்க விடுப்புப் பெற்றுத் தரும் முகவர் செந்தூர்வேல், இவர்களோடு வணிகர் எழுவர். அவ்வெழுவரின் பெயரை அறிவதால் உமக்கு ஆவது ஒன்றுமில்லை. ஒருவருடைய முறுவலை எடுத்து மற்றவர் முகத்தில் ஒட்டிவைத்தாலும் வேற்றுமை தெரியாத அளவுக்கு அவர்கள் ஒத்திருந்தனர். பன்னிரண்டாமவராகிய இன்பமணி மட்டும் அப்போது வந்திலர்.

மேற்கே வானம் சிவந்து, உப்பளங்களில் குவித்து வைத்த வெண்குவைகள் அச்செம்மையைத் தம்மேல் பூசிக்கொண்டு, பிணத்தின் கன்னத்தில் தீட்டிய ஒப்பனைபோல் சிறிது பொழுது ஒளிர்ந்து நின்ற வேளை அது. கிழக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நாள் முழுதும் கொத்தியும் பசியடங்காப் பெரும்பறவைகள்போல் கப்பல்களின் வயிற்றிலிருந்து நிலக்கரியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்க, அதன் துகள் காற்றிலேறி அடுத்திருந்த முத்தையாபுரத்துக் கூரைகளிலும் கொடியில் உலர்த்திய ஆடைகளிலும் குழந்தைகளின் மூக்கிலும் வேறுபாடு பாராமல் படிந்துகொண்டிருந்தது. முத்து விளைந்த கடல் என்று இவ்வூரார் அயலாரிடம் சொல்லிக்கொள்வர், சொல்லட்டும். அக்கடலின் ஓரத்தில் இன்று கையை விட்டு எடுத்தால் விரலில் ஒட்டுவது எண்ணெய்ப் பிசுக்கே. ஊர் முழுதும் கருவாடும் கரியும் கலந்து நாறிக்கொண்டிருந்த அம்மாலையில், நாற்றம் புகாத இடம் ஒன்று இருந்ததென்றால், அது கடற்கரையை ஒட்டிய பழைய கிடங்கொன்றின் மாடியில், பலகணிகளை அடைத்து, குளிர்பொறி பொருத்தி, சந்தனக் குச்சி கொளுத்தி வைத்திருந்த அம்மன்றமே.

மாந்தன் எதை எண்ணுகிறானோ அதுவே அவனை நாடி வரும் என்பது அம்மன்றத்தாரின் கொள்கை. ஆதலால் அவர்கள் எதையும் வேண்டுவதில்லை. கிடைத்துவிட்டதாகவே கருதி நன்றி கூறுவர். வழிபாடு தொடங்கும்போது பால்துரை கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டுவார். அதன்பின் நோய், இழப்பு, இறப்பு, இல்லாமை ஆகிய எவற்றின் பெயரும் அவ்வறையில் ஒலித்தல் கூடாது. கடன்பட்டவர் கடன் தீர்ந்ததற்கு நன்றி கூறுவார். மகளுக்கு மணமகன் அமையாதவர் அமைந்த மணமகனுக்கு நன்றி கூறுவார். ஏனையோர் நெஞ்சில் கைவைத்து, கண்மூடி, மும்முறை "ஆயிற்று" என்பர். உடனே வேதமணி, சுவரில் மாட்டியிருந்த பலகையின் இடப்பக்கக் கொக்கியிலிருந்து அவருடைய பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை எடுத்து, வலப்பக்கத்தில் நிறைவு என்று எழுதிய வரிசையில் மாட்டிவிடுவார். அவ்வளவில் அத்துன்பம் தீர்ந்தது. பின்னர் அதைப் பற்றி வினவுவது அவநம்பிக்கை எனக் கருதப்படும். குறைசொல் உரைத்தவரை மாற்றிச் சொல்லுமாறு மும்முறை கேட்பர், மாற்றாவிடில் வெளியேற்றுவர். வழிபாடு முடிந்ததும் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுட்ட மக்ரூன் தட்டுகள் சுற்றி வரும். துன்பம் தீர்க்க இதனினும் எளிய வழியை எவரும் கண்டதில்லை.

இன்பமணி ஒன்பது ஆண்டுகளாய் அம்மன்றத்தில் இருப்பவர். துறைமுகத்துக்குப் போகும் வழியில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருப்பவர். பிறர் துன்பங்களுக்கெல்லாம் தயங்காமல் ஆயிற்று என்று சொல்லிப் பழகியவர். அவர் மனைவி உமாராணிக்குக் கருப்பையில் கட்டி. மூன்று திங்களாய் ஓயாத உதிரப்போக்கினால் அவள் வெளிறி, எழுந்து நின்றால் சுவரைப் பற்றும் நிலைக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை காலை அறுவை செய்வதென்றும், அதற்குமுன் அவள் குருதி வகையிலேயே இருவர் கொடையளிக்க வேண்டுமென்றும், அவ்வகை அரிதாகையால் அண்டை ஊர்களிலும் இருப்பில்லையென்றும் மருத்துவர் கூறியிருந்தார். அவ்வரிய வகை மன்றத்தில் இருவருக்கு இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரின் குருதி வகையையும் கையேட்டில் அச்சிட்டு, ஆண்டு விழாவில் அதை உயர்த்திக் காட்டிப் பெருமை பேசுவது அம்மன்றத்தின் வழக்கமாதலால், அவ்விருவர் மாரிராஜும் செந்தூர்வேலும் என்பதை அறியாதவர் அங்கே இலர்.

கடந்த சனிக்கிழமை வழிபாட்டில் இன்பமணி எழுந்து, தம் மனைவிக்கு இரத்தம் கிடைக்கவில்லை என்று தொடங்கியதும், மாரிராஜ் உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தார்.

"தம்பி, அந்தப் பேச்சு இங்க கெடையாது. கெடச்சிட்டுன்னு சொல்லு. நன்றி சொல்லு."

பழகிய நாக்கு எளிதில் வளைந்தது. தம் மனைவிக்குக் குருதி ஈந்த உடன்பிறந்தார் இருவருக்கும் நன்றி என்று இன்பமணி கண்ணீர் மல்கச் சொன்னார். பதினொரு வாய்கள் மும்முறை ஆயிற்று என்றன. பித்தளைத் தகடு இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. மக்ரூன் வந்தது.

ஞாயிறு முழுதும் மருத்துவமனைக்கு எவரும் வந்திலர். பிற்பகலில் இன்பமணி செந்தூர்வேலைத் தொலைபேசியில் அழைத்தார். தலைவர் அப்போதே போயிருப்பாரே, தகடு நிறைவில் தொங்கியதை நாம் கண்டோமே என்று செந்தூர்வேல் வியப்புக் காட்டி, கப்பல் வேலை என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்து மாரிராஜை அழைத்தார். அவர் சினக்கவில்லை, அது இதைவிடக் கொடிது. தேன் ஒழுகுவதுபோல் பேசினார்.

"குடுத்தாச்சுன்னு நெனைலே. நீ சந்தேகப்பட்டா, வாரதுகூட பாதி வழியில திரும்பிப் போயிரும்."

திங்கட்கிழமை அறுவை நடைபெறவில்லை. உமாராணியின் கட்டிலுக்கு அடியில் துணிகள் நனைந்துகொண்டிருந்தன. அன்று நண்பகல், கடையில் தார்ப்பாய் வாங்கவந்து கடை பூட்டியிருப்பதைக் கண்ட சரக்குந்து ஓட்டுநர் பேச்சிமுத்து என்பவர் செய்தி கேட்டு மருத்துவமனைக்கு வந்தார். நிலக்கரி ஏற்றி வந்த கைகளை முழங்கை வரை இருமுறை தேய்த்துக் கழுவினார். என்ன வகை என்று எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார். நற்பேறாக அவ்வகையே அமைந்தது. கொடுத்தார், தந்த பழச்சாற்றைக் குடித்தார், வண்டி நிற்கிறது என்று போய்விட்டார். அவர் எந்த மன்றத்திலும் இல்லை. இன்னும் ஒருவர் வேண்டும். செவ்வாய் மாலை ஏழு மணிக்குள் வந்தால் புதன் விடியலில் அறுவை செய்யலாம், இனியும் தள்ளினால் தாம் பொறுப்பல்ல என்றார் மருத்துவர்.

அச்செவ்வாய் மாலையே மன்றத்தில் உமாராணி நலம் பெற்றமைக்கு நன்றி விழா. எவரேனும் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தனரோ என்று கேளாதீர்; பார்ப்பது அவநம்பிக்கையல்லவா. மாரிராஜ் எழுந்து நின்று, மேடைத் தமிழில், இரு உடன்பிறந்தாரின் குருதி ஓர் இல்லத்தின் விளக்கை ஏற்றி வைத்தது என்றும், அம்மங்கை நல்லாள் இப்போது எழுந்து நடமாடுகிறாள் என்றும் முழங்கினார். பின்னர் வேதமணி இரு பொன்னாடைகளைக் கொணர்ந்து, ஒன்றை மாரிராஜின் தோளிலும் மற்றொன்றைச் செந்தூர்வேலின் தோளிலும் போர்த்தினார். கைதட்டினர். ஒருவர் படம் எடுத்தார்.

இவ்விடத்தில் செந்தூர்வேலைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். அவர் நல்லவர் என்று எண்ணிவிடாதீர். சரக்குப் பெட்டகத்தில் உள்ளது ஒன்றாகவும் தாளில் உள்ளது வேறாகவும் இருந்தபோது கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்ளத் தெரிந்த முகவர் அவர். தாம் குருதி கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தலைவர் கொடுத்திருப்பார் என்று நம்பி, அந்நம்பிக்கையின் நிழலில் மூன்று நாள் நன்றாக உறங்கினார். பொன்னாடை தோளில் விழுந்தபோதுதான் அவர் மாரிராஜின் முகத்தை நோக்கினார். மாரிராஜும் அவரை நோக்கி, ஒரே இலையில் திருட்டுச் சோறு உண்டவன் மற்றவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல், மெல்லச் சிரித்தார். அச்சிரிப்பில் எல்லாம் விளங்கிற்று. இருவருமே போகவில்லை, இருவருக்கும் பாராட்டு, அறையிலுள்ள மற்றவர்க்கும் அது ஏறத்தாழத் தெரியும், தெரிந்தே தட்டிய கைகள் அவை. விழாவென்பதால் முன்னரே சுற்றிவந்த மக்ரூன் செந்தூர்வேலின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பூச்சியுருண்டை நாறிய பொன்னாடையை மூக்கிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

கதவைத் தட்டும் ஓசை கேட்டது. பூட்டிய கதவை இடையில் திறத்தல் முறையன்று. பால்துரை தலைவரை நோக்க, நன்றி கூற இன்பமணியே வந்திருப்பான், திறவும் என்றார் மாரிராஜ். கதவு திறந்தது. நான்கு நாள் மழிக்காத முகமும், மருத்துவமனைத் தரையில் கிடந்து கசங்கிய சட்டையுமாக இன்பமணி உள்ளே வந்தார். இரு பொன்னாடைகளையும் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு நெடுநேரம் ஆகவில்லை.

"யாரும் வரல அண்ணாச்சி," என்றார்.

மாற்றிச் சொல்லுமாறு மாரிராஜ் கேட்டார். ஏழு மணிக்குள் ஓர் ஆள் வேண்டும், மணி ஆறேகால் ஆகிவிட்டது என்றார் இன்பமணி. மாற்றிச் சொல்லுமாறு மாரிராஜ் மீண்டும் கேட்டார். தலைவருக்கும் செந்தூர்வேலுக்கும் அதே இரத்தம், கால் மணி நேர வேலை, என் வண்டியிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றார் இன்பமணி. கெஞ்சிய குரல்தான், ஆயினும் அது தன்னைக் கெஞ்ச வைத்தவர்களை வெறுக்கத் தொடங்கியிருந்தது.

"கடைசியாச் சொல்லுதேன் தம்பி. மாத்திச் சொல்லு. நல்ல வார்த்த சொல்லு."

"மாத்திச் சொன்னதுனாலதான் அவ இன்னும் கெடக்கா."

எழுவரில் ஒருவர் தம் மடியில் சிந்திய துகளைத் தட்டிவிட்டார். வேதமணி, இவன் வாயால்தான் அந்தப் பெண்பிள்ளைக்கு இந்தப் பாடு என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். மாரிராஜ் கண்ணைக் காட்ட, பால்துரை வந்து இன்பமணியின் முழங்கையைத் தொட்டார். இன்பமணி அந்தக் கையை உதறினார். எவரையும் வையாமல், தாமே படியிறங்கினார். பால்துரை கதவைச் சாத்தினார்.

மாரிராஜ் அமைதியாகத் தம் இருக்கைக்கு முன் நின்று, அனைவரையும் கைகோத்துக்கொள்ளச் சொன்னார். உடன்பிறந்தார் இன்பமணி அகமகிழ்ந்து இல்லம் திரும்பியமைக்கு நன்றி என்றார். நெஞ்சாரச் சொன்னார், கண்ணோரத்தில் ஈரம்கூடத் தெரிந்தது. பொய்யை இவ்வளவு உருக்கமாகச் சொல்லுகிறவனிடம் வழிப்பறிக்காரனிடம் உள்ள நேர்மைகூட இருப்பதில்லை; வழிப்பறிக்காரன் தான் பறித்ததைப் பறித்தேன் என்றாவது அறிவான். பத்து வாய்கள் ஆயிற்று என்றன.

செந்தூர்வேல் கோத்த கைகளை விடுவித்துக்கொண்டு எழுந்தார். இரக்கம் அவரை எழுப்பவில்லை. உமாராணியை அவர் இருமுறைதான் பார்த்திருப்பார். அவ்வறையின் காற்றை இன்னொரு முறை உள்ளிழுக்க முடியாமற் போனதே காரணம். பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டார்.

"எங்கலே போற? சங்கிலிய அறுக்காத," என்றார் மாரிராஜ்.

"ஊசின்னா எனக்குப் பயம் அண்ணாச்சி. சின்னதுலேருந்தே அப்படித்தான். அதான் போகல." செந்தூர்வேலின் குரல் உயரவில்லை. "நீங்க ஏன் போகல?"

மாரிராஜின் முறுவல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் பின்னால் இருந்தவர் எங்கோ போய்விட்டார். வெளியேறினால் இம்மன்றத்தில் இனி இடமில்லை என்றும், துறைமுகத்தில் தம் சரக்கும் இங்குள்ளோர் சரக்கும் இனி வேறு முகவரிடம் போகும் என்றும், தாழ்ந்த குரலில், வாழ்த்துரைப்பதுபோல் சொன்னார். செந்தூர்வேலின் வருவாயில் பெரும்பகுதி அவ்வறையில் அமர்ந்திருந்தது. அவர் ஒரு கணம் நின்றார் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர்ப் பால்துரையிடம், "தொறயும்," என்றார்.

பின்னே நிகழ்ந்ததை இவ்விடத்தே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை ஏழு மணிக்கு முன்னரே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பற்களைக் கடித்தபடி, செந்தூர்வேல் குருதி கொடுத்தார். மறுநாள் அறுவை நடந்தது; உமாராணி பிழைத்தாள். அதைத் தங்கள் நன்றியுரையின் பயன் என்று மன்றத்தார் ஆண்டு மலரில் படத்தோடு அச்சிட்டனர். படத்தில் ஒரு பொன்னாடைதான் இருந்தது, மற்றது வெட்டப்பட்டிருந்தது. செந்தூர்வேலிடமிருந்து சரக்குகள் போயின, அவர் இன்னும் சிறிய முகவராகவே இருக்கிறார், இன்னும் நல்லவராகிவிடவில்லை. நல்லெண்ணம் என்பது பிறர் துன்பத்தைக் காணாதிருக்கக் கண்மேல் கட்டிக்கொள்ளும் துணியாகுமானால், அதனினும் தீயெண்ணம் மேல். தீயெண்ணம் உடையவனாவது கண்திறந்து பார்க்கிறான். வேண்டுதல் எவ்வளவு இனிதாயினும், எழுந்து நடக்கக் கால் இல்லாத வேண்டுதல் பிணத்துக்குப் பாடும் தாலாட்டே.

ஆயினும் அக்கணத்தில் செந்தூர்வேலுக்கு இவை எவையும் தெரியாது. கீழே வண்டியை உதைக்கும் ஓசையும், அது உயிர்பெறாமல் இருமுவதும் கேட்டன. கரித்தூள் கலந்த உப்புக்காற்று படிக்கட்டின் வழியே மேலேறி வந்து அவர் முகத்தில் அறைந்தது.

"இன்பமணியண்ணாச்சி, நில்லுங்க," என்று குரல் கொடுத்தார். "நான் வாரேன்."

வண்டியின் ஓசை நின்றது. அவர் இரண்டாம் படியில் கால் வைக்கையில், பின்னால் கதவு சாத்தப்பட்டது. பால்துரை உள்ளிருந்து திறவுகோலை இருமுறை திருப்பிப் பூட்டினார்.