ஐயாவுக்கு ஒரு ஸ்டாண்டு

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டிவிட்டேன். மிச்சம் ஊர் விசாரணை மட்டும்தான். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து, இந்தப் பொண்ணு எப்படி என்று நாலு பேரைக் கேட்பார். என் பேரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், வேலை காலி. எங்கள் ஊரில் அந்த நாலு பேரும் ஒரே ஆள்தான்: கொளஞ்சியப்பன் ஐயா. மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய மக்காச்சோளக் கொல்லையில்தான் என் அப்பா அம்மாசி இருபது வருஷமாகக் கூலி.

"ஐயா ஏர்கன் வாங்கிருக்காரும்மா," என்றார் அப்பா. "வாதம் வந்ததுலேர்ந்து கை நடுங்குதில்ல, குறி நிக்கலியாம். வெச்சி சுட ஒரு ஸ்டாண்டு வேணுமாம். எம் பொண்ணு பிசிக்ஸ் படிச்சிருக்கா, செஞ்சி குடுப்பான்னு நாந்தான் சொன்னேன்."

"எத சுடப் போறாராம்?"

"கொல்லையில மயிலு எறங்குதே, அததான்."

"மயில சுட்டா ஜெயிலுப்பா!"

"சுடறது அவுரு. நீ வெறும் மரக்கட்டதான செய்யப் போற?"

"முடியாதுன்னு சொன்னா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏட்டு அவுரு வூட்டாண்டதான் வந்து நிப்பாரு. அப்ப அவுரு இன்னா சொல்லுவாரோ, எனக்குத் தெரியாது."

மூணு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கிய பட்டம் இதற்குத்தான் உதவியது.

புளியம்பலகை ஒன்றை அடியில் போட்டேன். முன்பக்கம் ஆடாமல் நிற்க ரெண்டு கால், பின்பக்கம் ஒரு கால். உயரத்தை ஏற்றி இறக்க, சங்கராபுரம் மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கிய நீளமான போல்ட்டு. துப்பாக்கி உட்காரும் இடத்துக்கு என் ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, சலித்துக் காயவைத்த மணலை அடைத்துத் தைத்தேன். முதல் தடவை மணலை இறுக்கி அடைத்துவிட்டதால் துப்பாக்கி வழுக்கியது. கொஞ்சம் மணலைக் கொட்டி மறுபடி தைத்தேன். பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஐயா மோட்டார் ரூமுக்கு முன்னால் உட்கார்ந்து, கிணற்று மேட்டில் வைத்த டப்பாவைச் சுட்டார். அஞ்சு குண்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் விழுந்தது. "கெட்டிக்காரி!" என்று கத்தினார். அன்று சாயங்காலமே ஒரு மயில் குறைந்தது.

ரெண்டு நாள் கழித்து ஏட்டு வீரமணி வந்தார். அப்பா சொன்னது போலவே ஐயா வீட்டு வாசலில் புல்லட்டை நிறுத்தினார். எங்களையும் கூப்பிட்டார்கள்.

"பொண்ணு எப்படிங்க?"

ஐயா என்னைக் கெடுக்கவில்லை. வாய் நிறையப் புகழ்ந்தார். "தங்கம் சார். என்னா மூளைங்கறீங்க! அம்மாசி, அந்த ஸ்டாண்ட எட்துகினு வா, சார் பாக்கட்டும்."

வேண்டாம் என்று அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அப்பா ஓடிப்போய்க் கொண்டுவந்து, சாமி சிலையை வைப்பது போல ஏட்டின் முன்னால் வைத்தார்.

ஏட்டு குனிந்து போல்ட்டைத் திருகிப் பார்த்தார். "இது எதுக்குங்க?"

"மயிலுக்குத்தான். சோளத்த வுட்டு வெக்குதுங்களா?"

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீயாம்மா செஞ்ச?"

ஆமாம் என்றால் நான் மாட்டினேன். இல்லை என்றால் ஐயாவைப் பொய்யராக்கினேன். அப்புறம் தங்கம் துருப்பிடித்துவிடும்.

"நாந்தான் சார்."

அவர் ஃபைலை மூடினார். ஸ்டாண்டைத் தூக்கிக் கனம் பார்த்தார். ஐயாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க மாமனாருக்கும் பன்னித் தொல்லை ஜாஸ்திம்மா. அவுருகிட்ட இருக்கறது ஏர்கன் இல்ல, பெரிய துப்பாக்கி. அதுக்கு ஏத்த மாரி ஒண்ணு செஞ்சி குடு. அதுவரிக்கும் ஒன் ரிப்போர்ட்டு எங்கியும் போயிடாது, எங்கிட்டதான் இருக்கும்."

அப்பா சிரித்துக்கொண்டே இளநீர் வெட்ட ஓடினார்.

"அவுரு ஒக்காந்து சுடுவாரா சார், படுத்தா?" என்று கேட்டேன்.