வீட்டில் எத்தனை பேர்

குளியலறைச் சுவரில் கைப்பிடி மாட்டப் போன கிளிஃபர்ட், வெந்நீர் சிலிண்டரில் ஓட்டை போட்டுவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அலமாரியைத் திறந்துதான் துண்டு எடுக்கிறார். உள்ளே வெந்நீரைத் தேக்கி வைக்கும் செம்பு சிலிண்டர், முக்கால் ஆள் உயரத்தில்; அதன் சூட்டில் மேல்தட்டில் துண்டும் விரிப்பும் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் மழை விடாத வாரங்களில் வீட்டிலேயே ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான்.

ஆனால் அன்று அவர் புத்தியெல்லாம் மனைவி நோரீன் மேல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் குளியல் தொட்டியில் இறங்க வேண்டும். இறங்கப் பிடிமானம் வேண்டும். பிடிமானம் ஆளைத் தாங்க வேண்டும் என்றால் திருகாணி நீளமாக இருக்க வேண்டும். இவ்வளவு தூரம் ஒழுங்காக யோசித்தவருக்கு, நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர் என்பது மட்டும் தோன்றவில்லை. வேலைக்காலம் முழுக்க மாடி பஸ்ஸை சந்து சந்தாகத் திருப்பி, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து விட்ட மனிதர்!

ட்ரில் திடீரென்று வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்ததும் வெந்நீர் மூஞ்சியில் அடித்தது. கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார். விரல் வெந்தது. மிச்ச ஆயுளை இப்படியே நின்று கழிக்க முடியாது என்று புரிந்ததும் கீழே ஓடி மெயின் வால்வை மூடினார். சிலிண்டரில் இருந்தது இறங்கித்தானே தீரும். குளியலறைக்கு நேர் கீழே இருந்த சமையலறையின் உட்கூரை கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கி, பிறகு டீப்பாட்டின் மேல் பொத்தென்று விழுந்தது.

மறுநாள் வந்த பாய்லர் ஃபிட்டர் டேரன், ஓட்டையையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சும்மா சொல்லக் கூடாது பெரியவரே, நட்ட நடுவுல போட்டிருக்கீங்க. அளந்து போட்டாக்கூட இப்படி வராது."

"டீ வேணுமா, வேணாமா?"

"ரெண்டு சர்க்கரை. நோரீன் அக்கா எங்க?"

"ஆஸ்பத்திரில. வந்துருவா."

டேரன் கீழே போய் தண்ணீரைச் சுட வைக்கும் பாய்லரையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். "இதை ஒட்டுறது வீண் வேலை. பாய்லரும் போற நிலைமைதான். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, காம்பி பாய்லர். சிலிண்டரே கிடையாது, குழாயைத் திறந்தா அப்பப்ப சுட வச்சுத் தரும். ஷவர்ல நின்னுட்டு ஓடுற ஆளுக்கு அருமை. ஆனா உங்க மேட்டுத் தெருவுல தண்ணி வர்ற வேகத்துக்கு, குளியல் தொட்டி ரொம்பறதுக்குள்ள அடியில இருக்கறது ஆறிப்போயிடும். இன்னொண்ணு, புது பாய்லரோட புது சிலிண்டர். தொட்டி மளமளன்னு ரொம்பும், உங்க அலமாரியும் சூடா இருக்கும்."

"எது நல்லது?"

"அது ஆளைப் பொறுத்தது. வீட்ல எத்தனை பேர்?"

கிளிஃபர்ட் கைப்பிடியை எடுத்துத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"பரீட்சைக் கேள்வியா கேட்டுட்டேன்?" என்று சிரித்த டேரன், அவர் முகத்தைப் பார்த்ததும் கோப்பைக்குள் குனிந்துகொண்டான். "அவசரம் இல்ல. நாளைக்கு போன் பண்ணிச் சொல்லுங்க."

கிளிஃபர்ட் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் நர்ஸ், "சௌகரியமா இருக்காங்க" என்றாள். போன வாரமும் நோரீன் சௌகரியமாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு சௌகரியத்துக்கும் ஒரு சுற்று இளைத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் டாக்டரை மடக்கினார். நேராகக் கேட்க வேண்டியதை விட்டுச் சுற்றி வளைத்தார்.

"டாக்டர், வீட்டுல வெந்நீருக்கு ஏற்பாடு பண்ணணும். காம்பியா சிலிண்டரான்னு... நோரீன் நிலைமையை வச்சுப் பார்த்தா..."

"நாங்க காம்பிதான் போட்டிருக்கோம். ரொம்பத் திருப்தி" என்று சொல்லிவிட்டு டாக்டர் விரைந்தார். நேராகக் கேட்காதவனுக்கு நேரான பதில் எங்கிருந்து வரும் என்று கிளிஃபர்ட் தன்னையே திட்டிக்கொண்டார்.

நோரீன் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் நேராக அவர் கட்டைவிரலுக்குப் போனது.

"என்ன கட்டு?"

"கெட்டில் சுட்டிருச்சு."

"கெட்டில் அந்த ஒரு விரலைத் தேடிப் பிடிச்சு சுட்டுச்சாக்கும். எதை உடைச்ச?"

சொன்னார். கூரை டீப்பாட்டில் விழுந்த இடம் வந்ததும் அவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வலி பிடித்துக்கொள்ள, கட்டிலை ஒட்டிச் சுவரில் இருந்த கம்பியை இறுகப் பற்றினாள். சரியான உயரத்தில், கொஞ்சமும் ஆடாத கம்பி. மாட்டியவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டியிருப்பான்.

வலி இறங்கியதும் கம்பியை விட்டாள்.

"எதுக்குய்யா உனக்கு அந்த வேலை?"

"நீ தொட்டில இறங்கணும்ல." அவர் அவசரமாகத் தொடர்ந்தார். "சிலிண்டரே போட்டுருவோம். மூட்டு வலிக்கு நீ வெந்நீர்ல ஊறணும். டவலும் காயும்."

"டேரன் என்ன சொன்னான்?"

"அவன் ஒண்ணு கேட்டான். பதில் சொல்லாம அனுப்பிட்டேன்."

"என்ன கேட்டான்?"

அவர் கட்டைப் பிரித்துச் சுற்றினார். "வீட்ல எத்தனை பேருன்னு."

நோரீன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை.

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அவங்க வீட்டுல காம்பியாம்."

"அட முட்டாளே" என்றாள். அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவாக அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. "என்கிட்ட டாக்டர் எல்லாம் சொல்லிட்டார், கிளிஃப். உன்கிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன். தினம் நீ வருவ, பைல திராட்சை கொண்டாருவ, கதவு எப்படிக் கிறீச்சிடுதுன்னு சொல்லுவ. எங்கே சொல்ல?"

"நோரீன்..."

"காம்பி போட்டா அலமாரில சூடு இருக்காது. துண்டை இனிமே ரூம் ரேடியேட்டர் மேல போடு. உருட்டிப் போடாதே, நல்லா விரிச்சுப் போடு. இல்லேன்னா நாறும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் எரிந்தது; விடவில்லை.

"எத்தனை பேருன்னு சொல்லட்டும்?"

"ஒருத்தர்" என்றாள் நோரீன். "ஒருத்தர்தான்னு சொல்லு."