வெள்ளைத் துணிக் கலசம்

மருதுவைப் பற்றி வேலாங்குளம் காலனியில் ஒரு பேச்சு உண்டு. டீசல் போடப் போனால் மீட்டரைப் பார்ப்பான், பிறகு குழாயைப் பார்ப்பான், கடைசியில் போடுகிறவன் மூஞ்சியைப் பார்ப்பான். கோயில் பொங்கலைக்கூடக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். ஐம்பதைத் தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. காலனிக்கென்று வந்த நல்லதெல்லாம் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஊர் எடுத்தது போக மிச்சம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. தண்ணீர்த்தொட்டி இங்கே கட்டினார்கள், குழாய் ஊருக்குள் போனது. சமுதாயக்கூடம் இங்கே கட்டினார்கள், சாவி ஊருக்குள் போனது. இப்படி இருந்தால் எவனுக்குத்தான் சந்தேகம் வராது?

அப்படிப்பட்டவனிடம்தான் அஸ்தி கொண்டுவர வண்டி கேட்டார் மலையாண்டி. மருதுவிடம் இருப்பது குட்டியானை, பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கிற சின்ன லோடு வண்டி. மலையாண்டி ஊர்த்தெருக்காரர், கட்சியின் ஒன்றியச் செயலாளர். செத்துப்போனவர் தீனநாத். ஒரு காலத்தில் டெல்லியில் உட்கார்ந்து நாட்டையே ஆண்டவர். தொண்ணூறு தாண்டிக் கண்ணை மூடினார். டிவிக்காரர்கள் இரண்டு நாள் உருகிவிட்டு மூன்றாம் நாள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். காலனியால் அப்படிப் போக முடியவில்லை.

காலனிக்கு அவர் டிவியில் பார்த்த மனிதர் இல்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர்களுக்கு, தரிசாகக் கிடந்த நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வைத்தவர் அவர். அப்போது மந்திரி. முதல் நடவுக்கு அவரே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியவர் முழங்கால்வரை புதைந்து நின்றுவிட்டார். கூட வந்த அதிகாரிகள் தங்கள் ஷூவைப் பார்த்தபடி வரப்பிலேயே நின்றார்கள். மருதுவின் ஆத்தா மலையம்மாள்தான் கையைக் கொடுத்து அவரை இழுத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னார். இளவட்டமாக இருந்த மலையாண்டிதான் அன்றைக்கு மொழிபெயர்ப்பு.

"இந்தச் சேறு என்னைய விடமாட்டேங்குது, செத்தாலும் இங்கதான் வருவேன்னு சொல்றாரு" என்றார் மலையாண்டி.

பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த மருதுவுக்கு அன்றைக்கே சந்தேகம். அவர் அவ்வளவு நேரம் பேசினார், இவர் இத்தனூண்டு சொல்கிறாரே, மீதிப் பேச்சை எங்கே அமுக்கினார்? அந்தக் கணக்கு அவன் மனதில் இன்னும் தீரவில்லை.

இப்போது அந்த வயலுக்கு ஒரு பிடி அஸ்தி தருவதாகத் தீனநாத்தின் மகள் சொல்லியனுப்பினார். கேட்டதிலிருந்து மலையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. உழுது தண்ணீர் கட்டி நடவுக்குத் தயாராகக் கிடந்த வயலில் ஒருத்தரையும் கால் வைக்க விடவில்லை. "அவரு வந்து எறங்கட்டும், அப்புறம் நாத்தை வைங்க" என்று சொல்லிவிட்டாள். மகனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு இருடா. இது ஒண்ணையாவது முழுசாக் கொண்டாந்து சேத்துரு."

மருது அப்படித்தான் விமான நிலையத்துக்குப் போனான். டெல்லி போய் ஒரு கலசத்தில் அஸ்தி வாங்கி வந்த மலையாண்டி, அது இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறிய பிறகும் அதை மடியை விட்டு இறக்கவில்லை. திருப்பரங்குன்றம் தாண்டும்போது மருதுவால் பொறுக்க முடியவில்லை.

"பையை சீட்டுல வைங்கண்ணே, கை வலிக்கும்ல."

"இருக்கட்டும் தம்பி."

"ஒருவாட்டி நான் பாத்துக்கிறேனே?"

"அங்க போனா எல்லாரும்தான் பாக்கப் போறீக. ரோட்டைப் பாத்து ஓட்டு."

மருதுவுக்குச் சுருக்கென்றது. பார்த்தால் தேய்ந்தா போய்விடும்? தேயாத பொருளை எதற்கு மறைக்க வேண்டும்?

நேராகப் பரவை வழியாக ஊருக்குப் போக வேண்டிய வண்டியை மலையாண்டி செல்லூருக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு சந்துக்குள் அப்துல் அலீமின் பாத்திரப் பட்டறை. மலையாண்டியும் அவரும் கட்சியில் ஒன்றாகக் கொடி பிடித்தவர்கள். மலையாண்டி பையோடு உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. மருது சந்து முனையில் வண்டியை விட்டுவிட்டு மெதுவாக நடந்துபோய்க் கதவில் கை வைத்தான். அலீம் ஒரு கதவை மட்டும் திறந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மருது, அங்கிட்டே நில்லுங்க. சாயா சொல்லட்டுமா?"

"சாயா வேணாம் பாய். அண்ணன் உள்ள என்ன செய்யிறாரு?"

"வந்துருவாரு, வந்துருவாரு" என்று கதவைச் சாத்தினார் அலீம்.

உள்ளே போனது ஒரு கலசம். வெளியே வந்தது இரண்டு. இரண்டும் ஒரே அளவுச் செம்பு. ஒன்றைச் சரிகை போட்ட சிவப்புப் பட்டில் கட்டியிருந்தது. இன்னொன்றை நைந்துபோன ஒரு வெள்ளைத் துணியில் கட்டியிருந்தது. மலையாண்டியின் வேட்டிக் கரையில் சாம்பல் அப்பியிருந்தது.

"ஒண்ணுதானண்ணே வந்துச்சு?"

"செவப்பு ஊருக்கு, வெள்ளை உங்களுக்கு. கேள்வி கேக்காம வண்டிய எடு."

இதற்குமேல் விளங்க என்ன இருக்கிறது? பட்டறை உலையில் சாம்பலுக்கா பஞ்சம்? ஊருக்குப் பட்டு சுற்றி நெசத்தைக் கொடுத்துவிட்டு, காலனிக்குக் கந்தலில் உலைச் சாம்பலைக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். உயிரோடு இருந்தபோது வந்ததைத்தான் பங்கு போட்டார்கள் என்றால், செத்துச் சாம்பலான பிறகுமா? வயலைச் சுற்றிக் காவல் காத்துக்கொண்டிருக்கும் ஆத்தாவின் முகம் கண்ணில் வந்து நின்றது.

விளாங்குடியில் மலையாண்டிக்குப் போன் வந்தது. கூப்பிட்டவர் ஊர்ப் பெரிய மனிதர், அரிசி மில் சோணை. "நிறுத்து" என்று இறங்கி, சாலையோரம் நடந்துகொண்டே சத்தம் போட்டுப் பேசினார் மலையாண்டி. இரண்டு கலசமும் சீட்டில் இருந்தன. மருது பட்டுத் துணியை அவிழ்த்தான், வெள்ளைத் துணியையும் அவிழ்த்தான். இரண்டு மூடியிலும் அரக்கு வைத்துப் பூசியிருந்தது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தான், இரண்டிலும் ஒரே சத்தம். குலுக்கிய பாவத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு செம்பை மாற்றி வைத்து, இருந்தது போலவே முடிச்சுப் போட்டான். மலையாண்டி திரும்பி வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குள் தடபுடல். கொட்டும் குழலும், ரோட்டை அடைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அதில் தீனநாத் தீப்பெட்டி அளவு, கூப்பிய கையோடு சோணை ஆள் உயரம். சிவப்புப் பட்டுக் கலசத்தை மேடையில் வைத்து எல்லாரும் மாலை போட்டார்கள். சோணை மைக்கில் விம்மினார். தீனநாத் நிலம் கொடுத்த அன்றைக்கு இதே சோணை ஊரைக் கூட்டிக் கறுப்புக் கொடி கட்டியவர். அது மைக்குக்குத் தெரியாது. பிறகு எல்லாரும் திருவேடகம் போனார்கள். அஸ்தி கரைக்க அந்தப் பக்கத்து ஜனம் போவது அங்கேதான். வைகையில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. சோணை இடுப்பளவு இறங்கி, அரக்கை உடைத்து, ஆற்றில் கொட்டினார். செம்பையும் கூடவே விட்டார்.

கரையில் நின்ற மருதுவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்றவர் அழுகிறான் என்று நினைத்து அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இரண்டு பேரும், வெள்ளைத் துணிக் கலசமும். சோழவந்தான் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்த பிறகு மலையாண்டி சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு ஆசுவாசமாகச் சாய்ந்தார்.

"தம்பி, இனிமே சொன்னா ஒண்ணுமில்ல. ஆத்துல போனது என்னன்னு நெனைக்கிற? அலீம் பட்டறை உலைச் சாம்பல்!"

மருது ரோட்டை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான். "என்னண்ணே சொல்றீக?"

"அவரு மக, அந்தம்மா, குடுத்தது ஒரு பிடிதான். அதுவே மூடி, அரக்கு வச்சு, அந்த வயலுக்குன்னு சொல்லி என் கையில குடுத்துச்சு. இந்தச் சோணை என்னடான்னா, ஊருல வச்சு ஆத்துல கரைச்சாத்தான் ஆச்சு, இல்லாட்டி எங்க தெரு வழியா வண்டி காலனிக்குப் போகாதுங்கிறான். அவரு வாக்கை நான் எப்பிடி ஆத்துல போடுறது? அதான் அதே மாதிரி ஒரு செம்பு பண்ணி, பட்டைச் சுத்தி, அவன் தலையில கட்டிட்டேன்."

"அப்ப இந்த வெள்ளைத் துணி?"

"அவரு கடைசியாக் கட்டியிருந்த வேட்டி. அந்தம்மா அதைக் கிழிச்சுத்தான் கட்டுச்சு."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மருது பிரேக்கை மிதிக்க மறந்துபோனான்.

"ஏண்ணே, இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வாயில எது நிக்கும்? காலனிக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி. உன்னைய நம்பித்தான் வண்டி கேட்டேன். அம்புட்டுக்கு நம்பல" என்று மலையாண்டி சிரித்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த மருது, கியரை மாற்றிக்கொண்டான். ஆற்றில் கரைந்தது வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை ஓடியது. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு அந்த ஆறுதலும் நிற்கவில்லை. வாய்க்கால் பிரிவது திருவேடகத்துக்கு மேற்கே வெகுதூரத்தில். கீழே கரைத்தது கீழேதான் போகும். நாற்பது வருஷமாக ஒருத்தரையும் நம்பாமல் சேர்த்துவைத்த புத்தியெல்லாம் சேர்ந்து, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முழுசாக வந்த பொருளைத் தூக்கிச் சோணை கையில் கொடுத்திருக்கிறது. அழுகை வந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

காலனி மொத்தமும் வரப்பில் நின்றது. கொட்டு இல்லை, மைக் இல்லை. மலையம்மாள் தலைக்குக் குளித்து, பால் செம்போடு நின்றாள். மலையாண்டி இரண்டு கையாலும் கலசத்தைக் கொடுத்தார். அவள் பால் செம்பை வரப்பில் வைத்துவிட்டு வாங்கி, துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அரிவாள் நுனியால் அரக்கைக் கெல்லி எடுத்தாள். உள்ளே கையை விட்டாள்.

கை வெளியே வந்தது. உள்ளங்கையை வெயிலில் விரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். கரித்துண்டுகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ சுருள் சுருளாக மினுங்கியது.

"இதென்னது, பித்தளைச் சீவலு? அங்க மனுசனை எரிச்சாங்களா, அண்டாவ எரிச்சாங்களா?"

மலையாண்டி அவள் கையைப் பார்த்தார், தோளில் கிடந்த துணியைப் பார்த்தார், பிறகு மருதுவைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலை குனிந்துகொண்டார்.

"பட்டறைச் சாம்பலை அள்ளிட்டு வந்து எங்க தலையில மொளகா அரைக்கிறியா?" கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்த கருப்பு, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மருதுவின் பங்காளி அவன், கோபக்காரன். "நெசத்தை ஊருக்குக் குடுத்துட்டு வந்துருக்கான்! விடாதீங்கடா!"

மலையாண்டி கையைத் தட்டிவிடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம், சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பேசாமல் நின்றால் பழி அவரோடு போய்விடும் என்று மருதுவுக்குத் தெரிந்தது. அவர் மேல் இந்த ஜனம் படுகிற சந்தேகம் அவன் வளர்த்தது. டீக்கடையிலும் மரத்தடியிலும் அவன் வாயிலிருந்து விழுந்தது.

"விடு கருப்பு. அண்ணன் சரியாத்தான் கொண்டாந்தாரு" என்றான். "செம்பை மாத்துனது நான். நமக்குப் போலியத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சு மாத்திப்புட்டேன். நெசமானது ஆத்துல போயிருச்சு."

கருப்புவின் கை தானாகத் தளர்ந்தது.

"யாரு கையால?" என்று கேட்டாள் மலையம்மாள்.

"சோணை கையால ஆத்தா."

அவள் உள்ளங்கைச் சாம்பலை வரப்பில் தட்டிவிட்டு, கலசத்தைக் கீழே வைத்தாள்.

"மலையம்மா, அந்தத் துணி அவரோடதுதான்" என்றார் மலையாண்டி. "கடைசி வரைக்கும் அவரு உடம்புல கெடந்த வேட்டி."

தோளில் கிடந்த துணியை அவள் அப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு தடவை ஒற்றிக்கொண்டாள். சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். அன்றைக்கு அவர் புதைந்து நின்ற இடம் அவளுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. பாதித் தூரத்தில் கால் தடுமாறியது. மருது கையை நீட்டிக்கொண்டு இறங்கப் போனான்.

"நீ வராத" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "மலையாண்டித் தம்பி, நீங்க எறங்குங்க."

மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப்போய் அவளுக்குக் கை கொடுத்தார். இரண்டு பேரும் குனிந்து, துணியைச் சேற்றுக்குள் வைத்து அமுக்கினார்கள். கருப்பு பால் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒவ்வொருத்தராகக் காலனி முழுக்க வயலில் இறங்கியது. மருது வரப்பிலேயே நின்றான்.